பில்லில் வராத பெயர்கள்

அமெரிக்காவில் ஏழெட்டு நண்பர்கள் சேர்ந்து, வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கே சாப்பிடப் போவது என்று பேச ஆரம்பித்தால், அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் வந்து நிற்கிற இடம் மெக்சிகன் ரெஸ்டாரன்ட்தான். காரணம் ரொம்ப சிம்பிள். விலை கையைக் கடிக்காது. காரம் இருக்கும். சத்தம் போட்டுச் சிரித்தால் பக்கத்து மேஜைக்காரர் முறைக்க மாட்டார், ஏனென்றால் அவர் இன்னும் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருப்பார். மாட்டுக்கறி சாப்பிடுகிறவரும், கோழியோடு நிறுத்திக்கொள்கிறவரும், வெறும் பீன்ஸும் சோறும் போதும் என்கிறவரும் ஒரே மேஜையில் உட்காரலாம். (சைவக்காரர்கள் பீன்ஸைப் பற்றி சர்வரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. பழைய பாணியில் அதை வதக்குவது பன்றிக் கொழுப்பில் :-))

உள்ளே நுழைந்ததும் முதலில் வேலை வருவது நாக்குக்கு இல்லை, கண்ணுக்கு. மாம்பழ மஞ்சள் சுவர், மயில் நீலக் கதவு, பூப்போட்ட ஓடு பதித்த மேஜை. சுவரில் பட்டை பட்டையாக நிறம் ஓடும் சால்டியோ போர்வை. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, பூவும் பறவையும் எலும்புக்கூடுமாக வெட்டிய வண்ணக் காகிதத் தோரணம். 'பாப்பெல் பிகாடோ' என்று அதற்குப் பெயர். நம்ம ஊர்க் கோயில் கொடை நாளில் தெரு முழுக்கத் தொங்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஸ்பீக்கரில் டிரம்பெட்டும் வயலினும். கூடவே ஆர்டர் பண்ணாமலேயே வந்து உட்காரும் ஒரு கூடை சிப்ஸ், ஒரு கிண்ணம் சல்சா. அதுவும் பல இடங்களில் ஓசி.

இந்த நேரம் பார்த்து, எல்லா நண்பர் கூட்டத்திலும் இருக்கிற ஒரு அறிவாளி வாயைத் திறப்பார். "இதெல்லாம் அசல் மெக்சிகன் சாப்பாடே இல்லை தெரியுமா? டெக்ஸ்-மெக்ஸ். அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்ச டூப்ளிகேட்!"

மேஜையில் பாதிப் பேருக்கு சிப்ஸ் கசக்க ஆரம்பிக்கும்.

அந்த அறிவாளி சொன்ன தகவலில் பாதி சரி. ஆனால் அவர் கேட்கிற கேள்வி தப்பு. அசலா டூப்ளிகேட்டா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இந்தக் கொண்டாட்டத்தை உண்டாக்கியது யார், அதில் சம்பாதித்தது யார் என்று பார்த்தால், அந்த மேஜையில் இருக்கிற ஒவ்வொரு தட்டும் வேறு கதை சொல்லும். கணக்குப்பதிவியல் முதல் வகுப்பிலேயே ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. மெக்சிகன் விருந்தின் பேரேட்டைப் பிரித்தால் வரவு வேண்டிய பல பெயர்கள் அதில் இல்லவே இல்லை.

அசல் என்று எதைச் சொல்வது?

முதலில் அந்த அறிவாளிக்குப் பதில் சொல்லிவிடலாம்.

டயானா கென்னடி என்று இங்கிலாந்தில் பிறந்து மெக்சிகோவில் வாழ்ந்த ஒரு எழுத்தாளர். கிராமம் கிராமமாகப் போய்ச் சமையல் குறிப்பு சேகரித்தவர். 1972-ல் மெக்சிகோவின் சமையல்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அமெரிக்கர்களைக் கொஞ்சம் உலுக்கியது. நீங்கள் சாப்பிடுவது வேறு, மெக்சிகோவுக்குள் சாப்பிடுவது வேறு என்று அது பிரித்துக் காட்டியது. 'டெக்ஸ்-மெக்ஸ்' என்ற சொல் சாப்பாட்டுக்குப் பரவலாக ஒட்டிக்கொண்டதும் அதற்குப் பிறகுதான். 2022-ல் மறைந்த கென்னடியின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ 2010-ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்து, டோர்ட்டியா தட்டுகிற அந்த முறை ஆயிரக்கணக்கான வருடப் பழசு. சுண்ணாம்பு சேர்வதால்தான் சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நயாசின் என்ற சத்து உடம்பில் சேர்கிறது. சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இந்த முறையை வாங்காமல் விட்ட ஐரோப்பாவின் ஏழைகள் பெலாக்ரா நோயில் அவதிப்பட்டார்கள். அவ்வளவு பெரிய அறிவு அது. மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் 'அசல்' என்று கோடு போட ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்? மாடு, பன்றி, கோழி, கோதுமை, சீஸ் எல்லாமே ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்தவை. மெக்சிகோ நகரத் தெருக்களின் ராஜா என்று சொல்லப்படுகிற 'அல் பஸ்தோர்' டாக்கோ, லெபனான் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களின் ஷவர்மாவுக்குப் பிறந்த பிள்ளை. உலகமே இத்தாலிச் சமாச்சாரம் என்று நினைக்கிற சீசர் சாலட், மெக்சிகோவின் டிஹுவானா நகரில் ஒரு இத்தாலியக் குடியேறியின் ரெஸ்டாரன்டில் 1924-ல் பிறந்தது என்பார்கள். அது எந்தக் கணக்கில் வரும்?

அவ்வளவு தூரம் எதற்கு, மிளகாயையே எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் பயிராகி, போர்ச்சுகீசியக் கப்பலேறி வந்த சரக்கு. ஏற்கெனவே இருந்த மிளகின் பெயரோடு ஒரு 'காய்' சேர்த்துக்கொண்டு மிளகாய் ஆனது. தக்காளியும் அந்தப் பக்கத்து விருந்தாளிதான். மிளகாய் வற்றல் தாளித்த தக்காளி ரசத்தை யாராவது டூப்ளிகேட் தமிழ்ச் சாப்பாடு என்பார்களா?

ஆக, சாப்பாடு ஊர் விட்டு ஊர் போகும், மாறும். அது அதன் குணம். மாறியதில் தப்பில்லை. மாற்றியவரின் பெயர் காணாமல் போவதுதான் பிரச்னை.

சான் அன்டோனியோ சதுக்கம்

கதை டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தில் ஆரம்பிக்கிறது. 1880-கள் தொட்டு அங்கே நகரச் சதுக்கங்களில் சாயங்காலமானால் மெக்சிகப் பெண்கள் அடுப்பு மூட்டி, நீள மேஜை போட்டு, விளக்கேற்றி, கறியும் மிளகாயும் சேர்த்த 'சில்லி'யும் தமாலேயும் விற்பார்கள். 'சில்லி குவீன்ஸ்' என்று அவர்களுக்குப் பெயர். சிப்பாய், வியாபாரி, ரயிலேறி வந்த சுற்றுலாப் பயணி, எல்லாரும் ஒரே பெஞ்சில். பாட்டுக்காரர்கள் வேறு. இன்றைக்கு நாம் 'கலர்ஃபுல் மெக்சிகன் டின்னர்' என்று சொல்கிற எல்லாமே அந்தச் சதுக்கத்தில் இருந்தது. சுவர் மட்டும்தான் இல்லை.

1900-ல் சிகாகோவிலிருந்து வந்த ஓடிஸ் ஃபார்ன்ஸ்வொர்த் என்பவர் அந்த ஊரில் 'ஒரிஜினல் மெக்சிகன் ரெஸ்டாரன்ட்' திறந்தார். பெயரைக் கவனியுங்கள். ஒரிஜினல்! வெள்ளைக்காரர் நடத்திய கடைக்கு வைத்த பெயர் அது. மேஜை விரிப்பு, ஒழுங்கான பரிமாறல், வசதியான வாடிக்கையாளர்கள் என்று கடை நன்றாக ஓடியது.

சதுக்கத்துப் பெண்கள் என்ன ஆனார்கள்? இடம் மாற்றி இடம் மாற்றி விரட்டப்பட்டார்கள். 1930-களில் சுகாதார விதிகள் இறுகின. 1940-களின் தொடக்கத்தில் அந்த அடுப்புகள் அணைந்துவிட்டன. தெருக்கடைக்குச் சுகாதாரம் தேவையில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் விதி வந்தபோது சுவர் கட்டக் காசு இருந்தவர் பிழைத்தார், அடுப்பு மட்டும் வைத்திருந்தவர் போனார். நடந்தது இதுதான்.

மேஜைக்கு ஒவ்வொன்றாக வருவோம்

சோள சிப்ஸ்: 1932-ல் அதே சான் அன்டோனியோவில் எல்மர் டூலின் என்பவர், குஸ்தாவோ ஓல்கின் என்ற மெக்சிகரிடமிருந்து பொரித்த சோளச் சிப்ஸ் செய்முறையை 100 டாலருக்கு வாங்கினார். செய்முறையோடு ஓல்கினின் பிழிகருவியும், அவர் சரக்குப் போட்டுக்கொண்டிருந்த கடைகளின் கணக்கும் சேர்ந்தே வந்தன. ஓல்கின் ஊருக்குத் திரும்பிப் போக நினைத்தார், பணம் தேவைப்பட்டது. டூலினிடமும் பணம் கொட்டிக் கிடக்கவில்லை, அவர் அம்மா மோதிரத்தை அடகு வைத்துத்தான் கொடுத்தார். அதுதான் 'ஃப்ரீட்டோஸ்'. 1961-ல் லேஸுடன் இணைந்து ஃப்ரீட்டோ-லே, 1965-ல் பெப்சிகோ. இதில் மோசடி எதுவும் இல்லை. விற்றவர் விரும்பி விற்றார், வாங்கியவர் கஷ்டப்பட்டு வாங்கினார். அது வேறு விஷயம். ஆனால் பாக்கெட்டைக் கிழிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு ஓல்கின் பெயர் தெரியும்?

நாச்சோஸ்: இது எல்லைக்கோட்டு ஆற்றின் அந்தக் கரையில், மெக்சிகோவின் பியட்ராஸ் நெக்ராஸ் ஊரில் நடந்தது. வருடம் 1943 என்று சொல்லப்படுகிறது. அமெரிக்க ராணுவத்தினரின் மனைவிமார்கள் சிலர் ஷாப்பிங்குக்கு ஆற்றைக் கடந்து வந்து 'விக்டரி கிளப்' ரெஸ்டாரன்டில் உட்கார்ந்தார்கள். சமையல்காரரைக் காணவில்லை. வரவேற்பாளர் இக்னேசியோ அனாயா சும்மா இருக்கவில்லை. டோர்ட்டியாவை முக்கோணமாக நறுக்கிப் பொரித்து, மேலே சீஸ் தூவி உருக்கி, ஹலபேன்யோ மிளகாய்த் துண்டு வைத்துக் கொண்டுவந்து வைத்தார். இக்னேசியோ என்ற பெயரின் செல்லச் சுருக்கம் நாச்சோ. 'நாச்சோ ஸ்பெஷல்' ஆனது, பிறகு வெறும் நாச்சோஸ் ஆனது.

யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதரின் செல்லப்பெயரை உலகம் முழுக்க தினமும் உச்சரிக்கிறார்கள், அது ஒரு மனிதரின் பெயர் என்றே தெரியாமல்! 1976-ல் ஃப்ராங்க் லிபர்ட்டோ என்ற டெக்சாஸ் வியாபாரி, சீக்கிரம் கெடாத சீஸ் குழம்பைத் தயார் செய்து ஆர்லிங்டன் பேஸ்பால் மைதானத்தில் நாச்சோஸ் விற்க ஆரம்பித்தார். அங்கிருந்து அது எல்லா மைதானத்துக்கும் சினிமா தியேட்டருக்கும் போனது. அனாயா அதற்கு முந்தின வருடமே, 1975-ல், காலமாகிவிட்டார்.

டாக்கோ: இந்தக் கதைதான் கொஞ்சம் உறுத்தும். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் 1937 முதல் 'மித்லா கஃபே' என்று ஒரு மெக்சிகக் குடும்பத்தின் கடை. இன்றைக்கும் இருக்கிறது. மொறுமொறு டாக்கோ அங்கே பிரபலம். எதிர்த்த பக்கத்தில் க்ளென் பெல் என்பவர் ஹாட் டாக், ஹாம்பர்கர் விற்றுக்கொண்டிருந்தார். மித்லாவின் வாடிக்கையாளராகி, அந்த டாக்கோவை எப்படிச் செய்கிறார்கள் என்று கற்றுக்கொண்டார். 1950-களின் ஆரம்பத்தில் தானே விற்க ஆரம்பித்தார். 1962-ல் அவர் தொடங்கியதுதான் டாக்கோ பெல். 1978-ல் அதையும் பெப்சிகோ வாங்கியது (1997-ல் தனியாகப் பிரித்துவிட்டது).

பெல் திறமைசாலி. டோர்ட்டியாவை முன்கூட்டியே மொத்தமாகப் பொரித்து வைக்க வழி கண்டுபிடித்தார், வேகத்தைக் கூட்டினார். அதை மறுக்கக் கூடாது. ஆனால் அந்த ஊரின் இன்னொரு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கணும். 1940-களின் ஆரம்பத்தில் சான் பெர்னார்டினோ நகராட்சி நீச்சல் குளத்தில் மெக்சிக வம்சாவளியினர் மற்றவர்களைப் போல எந்த நாளும் இறங்கிவிட முடியாது. வழக்குப் போட்டு, 1944-ல் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் அந்தப் பாகுபாடு ஒழிந்தது. அந்தப் போராட்டத்துக்கு ஆட்கள் கூடிய இடங்களில் ஒன்று மித்லா கஃபே. டாக்கோவுக்கு எந்தக் கதவும் மூடியிருக்கவில்லை, டாக்கோ செய்தவருக்குத்தான் குளத்துக்குக்கூடப் பூட்டு! இரண்டு பேரும் ஒரே தெருவில் ஒரே பந்தயம் ஓடினார்கள் என்று சொல்ல மனசு வருமா?

ஃபஹீட்டா: இதுதான் மேஜையின் ஹீரோ. இரும்புத் தட்டில் புஸ்ஸென்று புகை கிளம்ப வரும்போது ஹாலே திரும்பிப் பார்க்கும். 'ஃபாஹா' என்றால் ஸ்பானிஷில் இடுப்புப் பட்டை. மாட்டின் உதரவிதானத்தை ஒட்டி பெல்ட் மாதிரி வரும் நீள இறைச்சி அது. தெற்கு டெக்சாஸ் பண்ணைகளில் மாடு அறுத்தால் நல்ல கறி முதலாளிக்கு. தலை, குடல், தோல், இந்தப் பட்டைக்கறி ஆகியவை மெக்சிகக் கூலியாட்களுக்கு, அதுவும் கூலியின் ஒரு பகுதியாக. அவர்கள் அதைத் தணலில் வாட்டி, டோர்ட்டியாவில் சுருட்டித் தின்று ருசி கண்டார்கள். 1969-ல் சன்னி ஃபால்கோன் என்ற இறைச்சிக்கடைக்காரர் கைல் என்ற ஊரின் விழாவில் கடை போட்டு விற்றார். 1973-ல் ஹூஸ்டனில் நின்ஃபா லோரென்சோ என்ற விதவைப் பெண், நொடித்துக் கிடந்த தன் டோர்ட்டியா ஆலையின் முன்பக்கத்தில் பத்து மேஜை போட்டு அதையே டாக்கோவாக விற்றுப் பேர் வாங்கினார். 1982-ல் ஆஸ்டினின் ஒரு பெரிய ஹோட்டல் அதைப் புகையும் இரும்புத் தட்டில் பரிமாற, நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது.

விளைவு? தேவை கூடினால் விலை கூடும் என்று பொருளாதாரப் புத்தகம் சொல்வது அப்படியே நடந்தது. கூலியாளுக்குச் சும்மா தள்ளிவிட்ட கறி, பல மடங்கு விலையேறி ஸ்டேக்கோடு போட்டி போடும் கறியானது. அதற்கு ருசி கண்டுபிடித்தவன் பேரன் இன்று அதை வாங்க யோசிக்கணும்.

எல்லாமே சோகக் கதையா?

அப்படியும் இல்லை. மேஜையில் ஐஸ்கூழ் மாதிரி வரும் மார்கரீட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். (21 வயது ஆனவர்கள் மட்டும்!) டாலஸ் நகரில் மரியானோ மார்டினெஸ் 1971-ல் ரெஸ்டாரன்ட் திறந்தபோது, ஒவ்வொரு கிளாஸாகக் கலந்து கொடுக்கப் பணியாளருக்குக் கை ஓயவில்லை. ஒரு கடையில் ஐஸ்பானம் பிழிந்து தரும் மெஷினைப் பார்த்தவர், ஐஸ்க்ரீம் மெஷின் ஒன்றை மாற்றியமைத்து வேலையை முடித்துவிட்டார். காப்புரிமை வாங்கவில்லை, ஆளாளுக்குக் காப்பியடித்தார்கள். ஆனாலும் அந்த மெஷின் 2005 முதல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், அவர் பெயரோடு இருக்கிறது. பணம் முழுசாக வராவிட்டாலும் பெயர் வந்தது.

நின்ஃபா கதை இதற்கு நேர் எதிர். பெயர் இன்றும் போர்டில் இருக்கிறது. ஆனால் 1990-களின் பிற்பகுதியில் கடன் நெருக்கடியில் தொழில் குடும்பத்தின் கையை விட்டுப் போய்விட்டது.

இன்னொரு நல்ல செய்தி. 2024-ல் மெக்சிகோ நகரத்தில் 'எல் கலிஃபா தெ லியோன்' என்ற சின்னஞ்சிறு டாக்கோ கடைக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. உட்கார நாற்காலி கிடையாது, நின்றுகொண்டே சாப்பிடணும். 1968-லிருந்து நடக்கும் கடை. அதற்கு முந்தின வருடம் அமெரிக்காவில் நடந்தது தமாஷ். 'டாக்கோ டியூஸ்டே' என்ற இரண்டு வார்த்தையை ஒரு நிறுவனம் 1989 முதல் டிரேட்மார்க்காக வைத்திருந்தது. அதை எதிர்த்து இன்னொரு பெரிய நிறுவனம் மனுப்போட, 2023-ல் விட்டுக்கொடுத்தார்கள். டாக்கோவைக் கண்டுபிடித்தவர்களுக்கு இல்லாத உரிமைப் பத்திரம், செவ்வாய்க்கிழமைக்கு இருந்திருக்கிறது!

அப்புறம் பில் வரும்

சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பதற்கு ஸ்பானிஷில் ஒரு தனிச் சொல் இருக்கிறது: 'சோப்ரெமெசா'. மெக்சிகோவில் நீங்களாகக் கேட்காமல் பில் வராது. கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் அது விருந்தாளியை விரட்டுவது போல. அமெரிக்காவில் கடைசி வாய் உள்ளே போவதற்குள் பில் வந்துவிடும். அடுத்த கும்பல் வாசலில் நிற்கும்போது மேஜை காலியாகணும், காலியானால்தான் காசு.

அந்த பில்லில் ஒரு வரி காலியாக இருக்கும். டிப்ஸ். ஏழெட்டுப் பேர் சேர்ந்து சாப்பிட்ட பில்லைப் பிரிக்கும்போது முதலில் அடிபடுவது அதுதான். "பதினஞ்சு பர்சென்ட் போதாதா?" "அவர் என்ன பெரிசா பண்ணிட்டார்?" என்று ஆரம்பிக்கும்.

கணக்கைப் பார்க்கலாம். அமெரிக்க மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 முதல். ஆனால் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டியது வெறும் 2.13 டாலர். அது 1991-லிருந்து ஒரு சென்ட்கூட நகரவில்லை. மிச்சத்தை டிப்ஸ் நிரப்பணும், நிரம்பாவிட்டால் முதலாளி சரிக்கட்டணும் என்பது விதி. கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் இந்தப் பாகுபாட்டை வைத்துக்கொள்ளவில்லை. டெக்சாஸில் இன்னும் அந்த 2.13தான். அதாவது டெக்ஸ்-மெக்ஸ் பிறந்த மண்ணில், பரிமாறுகிறவரின் சம்பளத்தில் பெரும்பகுதி அந்தக் காலி வரியில் எழுதப்படுகிறது. "அவர் என்ன பண்ணிட்டார்" என்று யோசிக்கிறவர், தான் அந்த நிமிடம் முதலாளி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்.

இடையில் பிறந்தநாள் கூத்து வேறு. நண்பருக்குப் பிறந்தநாள் என்று ரகசியமாகச் சொல்லிவிட்டால், சர்வர்கள் கைதட்டிக்கொண்டு வந்து பெரிய சோம்ப்ரேரோ தொப்பியைத் தலையில் கவிழ்த்துப் பாடுவார்கள். ஜாலிதான், ஒன்றும் குற்றமில்லை. ஆனால் அந்த நேரம் யாராவது தொப்பியோடு மெக்சிகர் மாதிரி உச்சரிப்பு போட்டு மிமிக்ரி பண்ணி, மேஜையே விழுந்து சிரித்தால், பாடிக்கொண்டிருக்கிறவரின் முகத்தை ஒரு தடவை பார்க்கணும். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். அந்தச் சிரிப்பும் அந்த 2.13-க்குள் அடக்கம்.

"இதெல்லாம் யோசித்தால் சாப்பிட முடியுமா?"

நியாயமான கேள்வி. வியாபாரம் என்றால் அப்படித்தான், ஐடியா யாருடையதாக இருந்தாலும் முதலீடும் ரிஸ்க்கும் எடுத்தவனுக்குத்தான் லாபம் என்று ஒரு பதிலும் வரும். சமையல் குறிப்புக்குக் காப்புரிமை கொடுக்க ஆரம்பித்தால் நாளைக்கு ஒரு வீட்டிலும் அடுப்பெரியாது என்பதும் உண்மை. அனாயாவுக்கு ஒவ்வொரு தட்டு நாச்சோஸுக்கும் ராயல்டி கொடுத்திருக்கணும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் பணத்தைத் தவிர வேறு கடனும் உண்டு. கணக்கியலில் 'நற்பெயர்' என்று ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று எழுதுவார்கள். மெக்சிகன் ரெஸ்டாரன்ட் விற்பது பாதிக்குப் பாதி அதைத்தான். அந்தக் கலர், அந்தப் பாட்டு, அந்தத் தாராளம், வந்தவரை உட்காரவைத்துக் கேட்காமலேயே கூடை நிறைய எடுத்து வைக்கும் பழக்கம். இந்த நற்பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் சதுக்கத்தில் அடுப்பு மூட்டிய பெண்கள், பட்டைக்கறியை வாட்டிய கூலியாட்கள், சமையல்காரர் இல்லாத நாளில் விருந்தாளியைப் பசியோடு அனுப்பாத ஒரு வரவேற்பாளர். அந்தச் சொத்தை அனுபவிக்கிறவர் அதைப் போலி என்று மூக்கைச் சுளிப்பது இரண்டாவது தடவை பிடுங்குவது மாதிரி. முதலில் காசு போனது, இப்போது மரியாதையும்.

இதற்குப் பரிகாரம் பெரிய புரட்சி எல்லாம் வேண்டாம். ஊரில் குடும்பமாக நடத்தும் கடை இருந்தால் முதலில் அங்கே போகலாம். பில்லைப் பிரிக்கும்போது டிப்ஸைக் கடைசியில் வைக்காமல் முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்கு அடித்துக்கொள்ளலாம். மிமிக்ரி பண்ணுகிற நண்பனை மேஜைக்கு அடியில் ஒரு மிதி மிதிக்கலாம் :-). பரிமாறுகிறவர் பெயரைக் கேட்டு, போகும்போது அந்தப் பெயரைச் சொல்லி நன்றி சொல்லலாம்.

அறிவாளி நண்பர் மறுபடியும் "இது அசல் இல்லை" என்று ஆரம்பித்தால், கோபப்பட வேண்டாம். நாச்சோஸ் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "இக்னேசியோ அனாயாவைத் தெரியுமா?" என்று கேளுங்கள். கதையைச் சொல்லி முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும்.

பி.கு: சீஸ் ஆறினால் நாச்சோஸ் வீண். கதையைச் சுருக்கமாகச் சொல்லவும்.